21 வாங்கிய அம்மா, 27 வாங்கிய அப்பா

கேள்வி: எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். முதியோருக்கான மருத்துவ முகாம் ஒன்றில் என் பெற்றோர் இருவருக்கும் பத்து நிமிட ஞாபகத் தேர்வு வைத்தார்கள். அம்மாவுக்கு 72 வயது, மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். 30-க்கு 21 வந்தது. ‘டிமென்ஷியா (மறதிநோய்) ஆரம்பமாக இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு 76, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 27 வாங்கி ‘நார்மல்’ ஆகிவிட்டார். ஆனால் அம்மா பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் இன்றும் மனதிலேயே வைத்திருக்கிறார். அப்பாதான் கேட்டதையே கேட்கிறார். கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டினார், இந்த வருடம் ஓய்வூதிய நேர்காணலையே மறந்துவிட்டார். விடைத்தாள்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். யாரை டாக்டரிடம் காட்டுவது?

பதில்: இருவரையும் காட்டுங்கள். அவசரம் அப்பாவுக்குத்தான்.

முகாமில் வைத்தது எம்எம்எஸ்இ என்ற தேர்வு. 1975-ல் அமெரிக்காவில் உருவானது. 24-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நாளடைவில் அந்த 24 எல்லோருக்குமான பாஸ் மார்க் போல ஆகிவிட்டது, தொல்லையே அங்கேதான். 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்டவர்களின் மார்க்கைப் படிப்புவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மார்க் 29. ஐந்து முதல் எட்டு வருடம் படித்தவர்களுக்கு 26. நாலு வருடம் வரை மட்டும் படித்தவர்களுக்கு 22. உங்கள் அம்மாவின் 21-ஐ இந்த 22-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது விடைத்தாள்களுக்கு வருவோம். மொத்த மார்க்கை விட, எங்கே போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அம்மாவுக்குப் போனவை ஒன்பது. அதில் ஐந்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்ன இடத்தில். மூன்றாம் வகுப்போடு நின்றவரிடம், முகாம் இரைச்சலில், எதற்கென்று சொல்லாமல் இதைக் கேட்டால் யாருக்கும் வாய் வராது. ஒன்று, வாக்கியம் எழுதும் இடத்தில். பேனாவையே அவர் வாங்கவில்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். ஒன்று, பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு ஐங்கோணங்களை வரைவதில். அடுத்த இரண்டும்தான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தன. தேதிக்கு ‘ஆவணி ஏழு’ என்றிருக்கிறார். தேர்வு வைத்தவர் ஆவணியை மாதமாக ஏற்றுக்கொண்டு, ‘ஏழு’ என்பதை மட்டும் அடித்துவிட்டார். மாவட்டத்துக்கு ‘தஞ்சாவூர்’ என்றிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்து கல்யாணமானபோது அது தஞ்சாவூர் ஜில்லாதான். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது, 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. சரி, விதிப்படி தவறுதான். ஆனால் சற்று முன் சொல்லிக் கொடுத்த மூன்று சொற்களையும் அம்மா பிசகாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

அப்பா மற்ற எல்லாக் கேள்விக்கும் முழு மார்க். போன மூன்றும் ஒரே இடத்தில்: அந்த மூன்று சொற்கள். ஒன்றுகூட வரவில்லை.

சொற்களைச் சொன்னவுடனே திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு, நடுவில் கழித்தல் கணக்கில் ஆளை மும்முரமாக்கி, பிறகு ‘அந்த மூன்று என்ன?’ என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. வாய்க்குள் உருப்போட்டு வைத்திருப்பது அதற்குள் கலைந்துவிடும். புதிதாகக் கேட்டதை மூளை பதிந்துகொண்டதா என்பது அப்போதுதான் தெரியும். டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்ஸைமர் நோயில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது இந்தப் பதிவுதான். அப்பாவின் கணக்கும் மொழியும் நாற்பது வருட வகுப்பறையில் ஊறியவை, அவ்வளவு சீக்கிரம் போகாது. அவையெல்லாம் சேர்ந்து அவருக்கு 27 வாங்கித் தந்து, ஓட்டையை மூடிவிட்டன. இதை வைத்து அப்பாவுக்கு நோய் என்று நான் சொல்லவில்லை. மூன்று சொல் மிகச் சின்ன அளவு, பதற்றத்திலும் மறந்துபோகும். ஆனால் பில்லும் நேர்காணலும் அதோடு சேரும்போது ‘நார்மல்’ என்று விடக்கூடாது.

அவருக்குப் பொருத்தமானது மோகா என்ற தேர்வு. மான்ட்ரியலில் உருவாகி 2005-ல் வெளிவந்தது, தமிழிலும் இருக்கிறது. இதுவும் 30 மார்க்தான், ஆனால் கடினம்: மூன்றுக்குப் பதில் ஐந்து சொற்கள், கடிகாரம் வரைதல், ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் அடுக்குதல். முதல் ஆய்விலேயே, லேசான அறிவாற்றல் குறைபாடு (வயதின் சாதாரண மறதிக்கும் டிமென்ஷியாவுக்கும் இடைப்பட்ட நிலை) உள்ளவர்களில் எம்எம்எஸ்இ பிடித்தது 18 சதவீதம் பேரை, மோகா பிடித்தது 90 சதவீதம் பேரை. அதில் 26-க்குக் கீழே என்றால் சந்தேகம் என்று வைத்தார்கள். அது கடுமை, நல்லாயிருப்பவர்களையும் பிடித்துவிடுகிறது, 23 போதும் என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது.

கடிகாரத்தில் பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள். பெரிய முள் 2-க்குப் போக வேண்டும். ‘பத்து’ என்று காதில் விழுந்ததுமே 10-ல் முள்ளை வைப்பவர்கள் உண்டு. கண்ணெதிரே இருக்கும் எண்ணின் இழுப்பை அடக்க முடியவில்லை என்று அர்த்தம். சொற்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வராத சொல்லுக்கு ‘அது ஒரு நிறம்’ என்பது போலத் துப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். மார்க் கிடையாது, ஆனால் துப்புக்கு வந்துவிட்டால் சொல் உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். துப்புக் கொடுத்தும் வரவில்லையென்றால் பதியவே இல்லையோ என்று யோசிக்க வேண்டும்.

தயவுசெய்து இந்தத் தாள்களை இணையத்தில் இறக்கி அப்பாவை வீட்டில் பழக்காதீர்கள். தலைமை ஆசிரியர், மனப்பாடம் செய்துவிடுவார். அப்புறம் டாக்டர் வைக்கும் தேர்வு வீண்.

அம்மா போன்றவர்களுக்கென்று வேறு தேர்வுகள் உள்ளன. 1995-ல் வெளியான எம்எம்எஸ்இ-யின் இந்தி வடிவத்தை ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அமைத்தார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்வார்கள், கிழமைகளைத் தலைகீழாகக் கேட்பார்கள். மோகாவிலும் குறைவாகப் படித்தவர்களுக்குத் தனி வடிவம் இருக்கிறது.

நீங்களே பதில் சொல்லும் தேர்வும் ஒன்று உண்டு: ஏடி8. எட்டுக் கேள்விகள், கேட்பது கூட இருப்பவரிடம். சொன்னதையே சொல்கிறாரா, பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, புதுக் கருவியைப் பழக முடியவில்லையா, ஆர்வம் குறைந்துவிட்டதா என்பது போல. எல்லாமே ‘முன்பு இருந்ததை விட மாறியிருக்கிறதா’ என்றுதான். ஆளை அவருடைய பழைய ஆளோடு ஒப்பிடுவதால் படிப்பு இங்கே அவ்வளவாகக் குறுக்கே வராது. இரண்டுக்கு ‘ஆம்’ வந்தாலே டாக்டரிடம் காட்டலாம். உங்கள் கடிதத்திலேயே அப்பாவுக்கு மூன்று வந்துவிட்டது, அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

நரம்பியல் நிபுணரிடமோ மனநல மருத்துவரிடமோ போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் மறதியைக் கூட்டும். பி12, தைராய்டு, சோடியம் பார்க்கச் சொல்வார்கள். மனச்சோர்வும் மறதி போலவே வேஷம் போடும். சமீபத்தில் எங்காவது விழுந்தாரா என்பதையும் சொல்லுங்கள், தலைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்துக்கூட இப்படித் தலைகாட்டும். காது மந்தமென்றால் முதலில் அதைக் கவனியுங்கள், கேட்காத சொல்லை எப்படி நினைவில் வைப்பது? மறதி மாதக்கணக்கில் வராமல் இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்து ஆள் குழம்பினால், அன்றே ஆஸ்பத்திரி.

லேசான குறைபாடு என்று முடிவானால், அது கட்டாயம் டிமென்ஷியாவில் போய் முடியும் என்றில்லை. மருத்துவமனைக்கு வருபவர்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள், சிலர் நார்மலுக்கே திரும்புகிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

நேர்காணல் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே அப்பாவோடு கருவூலத்துக்குப் போய் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகலாம்.