பாட்டி வைத்துவிட்டுப் போன பழம்பொருட்களை நிபுணரிடம் காட்டி மதிப்பிடலாமா, ஏமாற்றிவிடுவார்களா?

தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் வாங்க வருபவரிடமே விலை கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில் அப்பத்தா காலத்து லட்சுமி படம் ஒன்று தேக்குச் சட்டத்துக்குள் தொங்கியது. புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்திருந்த அந்தப் படத்தை ராஜா ரவிவர்மா தம் கையாலேயே தீட்டியதாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்; அது யாருக்கு என்பதில் அண்ணனும் நானும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

முதலில் வந்த பழம்பொருள் வியாபாரி, "இது வெறும் காலண்டர் படம், சட்டத்துக்கு வேண்டுமானால் ஏதாவது தருகிறேன்" என்றார். மறுவாரமே அவருடைய ஆள் வந்து அதே படத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். எல்லா வியாபாரிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்மேல் கோபிக்க வேண்டாம்.

பிறகு, பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் அனுபவமுள்ள ஒருவரைக் கட்டணம் பேசி வரவழைத்தோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை லட்சுமியின் கன்னத்தருகே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். தூரிகை இழுத்த தடம் எங்குமில்லை, பொடிப்பொடியாக நிறப்புள்ளிகள்தாம் தெரிந்தன. சட்டத்தைக் கழற்றியபோது, கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருந்தது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பின்னர் லோணாவ்லா பக்கம் இடம் மாறியது என்றும், நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்து அச்சிட்ட இந்த ஓலியோகிராஃப் படங்கள் 1906இல் அவர் மறைந்த பிறகும் வெளிவந்துகொண்டே இருந்தன என்றும் விளக்கினார். ஜரிகை வேலை பின்னால் யாரோ கையால் செய்தது. எங்கள் வீட்டுப் பெண்களே செய்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்கு ஏமாற்றம் பாதி குறைந்துவிட்டது.

அண்ணன் மகன் சிங்கப்பூருக்கு எடுத்துப்போகலாம் என்றிருந்தான். ரவிவர்மாவின் படைப்புகள் 1979இல் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. மூல ஓவியமாக இருந்திருந்தால் அந்த எண்ணத்துக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் எதையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உங்களிடம் பழைய உலோகச் சிலை இருந்தால், விலையை விசாரிக்கும் முன்பு தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எதையும் தேய்த்துக் கழுவாதீர்கள். அந்த நிபுணர் வருவதற்கு முதல் நாள் அண்ணி, நல்லெண்ணத்தில்தான், கொள்ளுப்பாட்டியின் வெண்கலக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுமினுவென்று துலக்கி வைத்திருந்தார். வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், தம் குறிப்பேட்டில் அதன் எடையை மட்டும் எழுதிக்கொண்டார்.