ஆர்கிடெக்ட்டோடு மனஸ்தாபமா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சார், முதல் பிளான் எங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் இரண்டாம் தவணை கேட்கிறார். பிடிக்காத டிசைனுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பதில்: பிடித்திருக்கிறதா என்பது ஒரு விவகாரம், பணம் பாக்கியா என்பது வேறு விவகாரம். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "பிளான் கொடுத்ததும் தவணை" என்றிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். "பிளானுக்கு ஒப்புதல் தந்ததும்" என்றிருந்தால் இன்னும் அந்தக் கட்டமே வரவில்லை.

அடுத்து, "பிடிக்கவில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் யாராலும் திருத்த முடியாது. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை கேட்டீர்கள், அது மாடியில் வந்திருக்கிறது என்றால் தவறு அவருடையது. கூடுதல் காசில்லாமல் திருத்தித் தர வேண்டும். கேட்டதெல்லாம் இருக்கிறது, தோற்றம்தான் மனசுக்கு ஒட்டவில்லை என்றால் அது ரசனை. இலவசத் திருத்தம் எத்தனை முறை என்று ஒப்பந்தத்தில் எழுதுவதே இதற்காகத்தான். பிளான் மேலேயே குறித்து, அறை அறையாக எழுதி, ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்பினால் கடைசியில் எது உங்கள் முடிவு என்று உங்களுக்கே தெரியாது.

முழுத் தொகையையும் நிறுத்தி வைக்காதீர்கள். தகராறு இல்லாத பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதி ஏன் நிற்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள். பின்னால் யார் முன் போய் நின்றாலும் அந்தக் கடிதம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேள்வி: நாலாவது முறை மாற்றச் சொன்னதும் கூடுதல் ஃபீஸ் கேட்கிறாரே?

பதில்: எந்தக் கட்டத்தில் மாற்றச் சொன்னீர்கள்? ஆரம்ப பிளானில் சுவரை நகர்த்துவது ஒரு கோட்டை நகர்த்துவது. சைட்டில் கட்டுவதற்கான விவரமான வேலை டிராயிங் முடிந்தபின் நகர்த்தினால் தூண், பீம், குழாய், ஒயரிங் எல்லாம் மாறும். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் மறுபடி கணக்குப் போட வேண்டும். வேலையைக் கட்டங்களாகப் பிரிப்பது இதனால்தான். பிரிட்டனின் ஆர்கிடெக்ட்டுகள் அமைப்பான ரிபா இதற்கென்றே 1963இல் ஒரு வேலைத்திட்டம் வெளியிட்டது. இன்றைய வடிவத்தில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். ஒப்புதல் தந்த கட்டத்துக்குத் திரும்பிப் போனால் கூடுதல் ஃபீஸ் நியாயம். ஆனால் தொகையை வேலைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். முடித்துவிட்டு பில்லை நீட்டினால் தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: ஃபீஸ் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசினோம். செலவு ஏற ஏற அவருக்கு லாபம்தானே?

பதில்: சந்தேகம் நியாயமானது, பழையதும்கூட. பண்டைய எபேசஸ் நகரில் பொதுக் கட்டடம் கட்டும் ஆர்கிடெக்ட் தன் மதிப்பீட்டைச் சொல்லிவிட்டு, சொத்தையும் ஈடாக வைக்க வேண்டுமாம். செலவு கால் பங்குக்கு மேல் எகிறினால் மீதி அவர் சொத்திலிருந்து வசூல். ரோமானிய ஆர்கிடெக்ட் விட்ருவியஸ் இதை எழுதிவைத்து, நம் ஊரிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறார்!

அந்த அளவுக்குப் போக வேண்டாம். எந்தத் தொகையின் மேல் சதவீதம் என்பதைப் பூட்டிவிடுங்கள்: ஒப்புக்கொண்ட பட்ஜெட்டா, கான்ட்ராக்டரின் ஒப்பந்தத் தொகையா, கடைசியில் ஆன செலவா? விலைப்புள்ளிகள் பட்ஜெட்டைத் தாண்டினால் மறு டிசைன் யார் செலவு என்பதையும் எழுதுங்கள். நீங்களாக ஆசைப்பட்டு ஏற்றிய செலவுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: அவரை விட்டுவிட்டு, அதே டிராயிங்கை வேறொருவரிடம் கொடுக்கலாமா?

பதில்: காசு கொடுத்ததாலேயே டிராயிங் முழுக்க உங்களுடையதாகிவிடாது. படைப்பாளிகளின் உரிமையைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டபோதே கட்டடக்கலைப் படைப்புகளுக்கான பதிப்புரிமை அதில் இடம்பெற்றுவிட்டது. பொதுவாக உங்களுக்குக் கிடைப்பது அந்த இடத்தில் அந்த வீட்டைக் கட்டும் அனுமதி. பாக்கி இருந்தால் அதுவும் சிக்கலாகும். முடிந்த கட்டம் வரை கணக்கைத் தீர்த்து, "பாக்கி இல்லை, இந்த டிராயிங்குகளைப் பயன்படுத்தலாம்" என்று கையெழுத்து வாங்குங்கள். புதியவர் பழைய டிராயிங்கைச் சரிபார்த்துத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும். அதற்கு அவருக்கும் ஃபீஸ் உண்டு.

கேள்வி: நான் ஆர்கிடெக்ட். வீட்டுக்காரர் பணமும் தரவில்லை, போனும் எடுப்பதில்லை. டிராயிங்கை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: சொல்லாமல் நிறுத்தாதீர்கள் தம்பி. பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வராவிட்டால் வேலை நிற்கும் என்று எழுத்தில் அறிவியுங்கள். ஒப்பந்தத்தில் அவகாசம் சொல்லியிருந்தால் அதைக் கொடுங்கள். சைட்டில் ஏற்கெனவே கான்கிரீட் வேலை நடந்தால், பாதுகாப்பு சம்பந்தமான விவரத்தை மட்டும் பிடித்து வைக்காதீர்கள்.

கேள்வி: பேசித் தீரவில்லை. நேராகக் கோர்ட்டா?

பதில்: ஒப்பந்தத்தில் சமரசம், நடுவர் தீர்ப்பு என்று ஏதாவது ஷரத்து இருக்கிறதா பாருங்கள். சமரசம் செய்பவர் பேச வைப்பார். நடுவர் தீர்ப்பே சொல்லிவிடுவார், அது கட்டுப்படுத்தும். இரண்டுக்கும் முன்னால், இருவருக்கும் பொதுவான மூத்த ஆர்கிடெக்ட் ஒருவரிடம் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று மதிப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு டிசைன், என் மனைவிக்கு வேறு டிசைன். ஆர்கிடெக்ட் நடுவில் முழிக்கிறார்.

பதில்: இறுதி ஒப்புதல் தருபவர் யார் என்று ஒரே ஒரு பெயரை அவருக்கு எழுதிக் கொடுங்கள். யார் பெயர் என்பதில் நான் தலையிடமாட்டேன்.