மழையில் நனையாத பூனைப் பெட்டி: பினாங்கு கேள்வி பதில்

ஆயர் ஈத்தாம்: அண்ணா, ஃபிளாட் கீழே இரண்டு தெருப்பூனை இருக்கு. பெட்டி எப்படிச் செய்யணும்?

மூடியுள்ள 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள். நீளப் பக்கத்தின் ஓரமாக 15 செ.மீ. அகல வாசல் வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் சாரல் பூனை படுக்கும் இடம் வரை போகும். வாசலின் கீழ்விளிம்பு பெட்டியின் அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெட்டிய விளிம்பு வயிற்றைக் கீறும், பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டிவிடுங்கள். அடியில் நான்கு மூலையிலும் 6 மி.மீ. துளை, மூடிக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் ஐந்தாறு காற்றுத் துளை. பிறகு இரண்டடுக்குச் செங்கல் மேல் ஏற்றி, வாசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓரடி இடைவெளி விடுங்கள்.

மூடியின் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். மேலே ஒரு தகரத்தைச் சாய்வாக, வாசல் பக்கம் ஒரு சாண் நீட்டிப் போட்டுக் கல் வையுங்கள்.

ஜெலுத்தோங்: உள்ளே துண்டு விரித்தேன். இரண்டே நாளில் நாறுகிறதே?

துணியை எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் துணி காய்வதே இல்லை. பூஞ்சையும் தெள்ளும் அதில்தான் பெருகும். துளையுள்ள பிளாஸ்டிக் பாய் போதும். அடைமழை இரவில் நாலு தாள் செய்தித்தாள் போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.

பட்டர்வொர்த்: மெல்பர்னில் இருக்கும் தங்கை வைக்கோலும் ஸ்டைரோஃபோமும் (வெள்ளை நுரை அட்டை) வைக்கச் சொல்கிறாள். இங்கேயும் வைக்கலாமா?

அங்கே அது சரி. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம், பூனையின் உடல் சூட்டைப் பெட்டி பிடித்து வைக்க வேண்டும். அதனால் பெட்டி சிறிதாக, சுவரில் 2 செ.மீ. ஸ்டைரோஃபோம், உள்ளே வைக்கோல். பூனை அதைக் குடைந்து படுக்கும். மாட்டுக்குப் போடும் காய்ந்த புல் வேண்டாம், ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். கம்பளியும் ஈரமானால் உடல் சூட்டை உறிஞ்சும். இங்கே இரவே 24 டிகிரி. ஸ்டைரோஃபோம் வைத்த பெட்டி மதியம் அடுப்பாகிவிடும். நமக்கு எதிரி ஈரம், குளிர் அல்ல.

புக்கிட் மெர்தாஜாம்: தெள்ளுக்கு என்ன தெளிக்கலாம், அண்ணா?

நாய்களுக்கான தெள்ளு மருந்து வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றிலுள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொல்லும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியும், பாச்சை உருண்டையும் அப்படித்தான் நஞ்சு. பெட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து நல்ல வெயிலில் காயவைத்தாலே போதும்.

ஜார்ஜ்டவுன்: பெட்டி வைத்து நாலு நாள் ஆச்சு, பூனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புது பிளாஸ்டிக் வாடைதான் காரணமாக இருக்கும். கழுவி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். பிறகு பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே வைத்து, வாசலில் கருவாட்டுத் துண்டு ஒன்று போடுங்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள், எறும்பு ஏறினால் மறுபடி வராது. பிடித்து உள்ளே தள்ளவே கூடாது.