புதிய கைபேசியில் டேட்டா வரவில்லையா? – கேள்வி பதில்

மதுரையில் பதினாறு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்த்து வருகிறேன். கைபேசி மாற்றிய பிறகு டேட்டா வராமல் தவிப்பவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: புதிய கைபேசி வந்த அன்றே பழையதை விற்றுவிடாதீர்கள், குறைந்தது ஒரு வாரமாவது வைத்திருங்கள். கோளாறு சிம்மிலா, கைபேசியிலா, டவரிலா என்று பிரித்தறிய உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கருவி அதுதான்.

கேள்வி (ஆசிரியை, திருச்சி): மூன்று நாள்களாகப் புதிய கைபேசி பயன்படுத்துகிறேன். சிக்னல் முழுமையாக இருக்கிறது, அழைப்புகள் வருகின்றன, வைஃபையில் எல்லாம் நன்றாக இயங்குகிறது. மொபைல் டேட்டாவில் மட்டும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. முழுமையாக அழித்துவிட்டு மீண்டும் தொடங்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அழிப்பது கடைசி வழி. பத்தில் ஒருவருக்குக்கூட அது தேவைப்பட்டதை நான் பார்த்ததில்லை. முதலில் அதே சிம்மைப் பழைய கைபேசியில் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் வரவில்லை என்றால் கோளாறு சிம்மிலோ உங்கள் ரீசார்ஜிலோ டவரிலோ இருக்கிறது. புதிய கைபேசியைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கு வருகிறது என்றால், புதிய கைபேசியின் செட்டிங்ஸில் மூன்று இடங்களைப் பாருங்கள்: டேட்டாவுக்கு எந்த சிம் தேர்வாகியிருக்கிறது, டேட்டா வரம்பு ஏதேனும் வைக்கப்பட்டிருக்கிறதா, ஏ.பி.என். சரியாக இருக்கிறதா.

ஏ.பி.என். பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கை வைத்துக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். சிம்மைப் போட்டவுடன் கைபேசி அதிலிருந்து நாட்டின் எண்ணையும் நிறுவனத்தின் எண்ணையும் படிக்கிறது. இந்திய சிம்களில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். அந்த எண்ணுக்கு எந்த வாசல் வழியாக இணையத்துக்குள் போக வேண்டும் என்பதைத் தன்னிடம் உள்ள பட்டியலில் பார்த்து எடுத்துக்கொள்கிறது. அந்த வாசலின் பெயர்தான் ஏ.பி.என். ஜியோவுக்கு ஜியோநெட் (jionet), பி.எஸ்.என்.எல்.லுக்கு பிஎஸ்என்எல்நெட் (bsnlnet), ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் என்பதோடு ஒரு புள்ளியும் காமும் (airtelgprs.com). ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். தவறாக இருந்தால் அழிக்காதீர்கள். அதே பக்கத்தின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, பழைய நிலைக்கு மீட்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். சோதித்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

கேள்வி (கரூர்): புதிய கைபேசியில் இணையம் நத்தையாக நகர்கிறது. மேலே E என்ற ஆங்கில எழுத்து தெரிகிறது. ஏர்டெல் சிம்.

பதில்: நெட்வொர்க் வகையில் 3ஜி தேர்வாகியிருக்கும். ஏர்டெல் 2020 வாக்கிலேயே 3ஜியை மூடிவிட்டதால் உங்கள் கைபேசி 2ஜிக்கு இறங்கி நிற்கிறது. 4ஜி அல்லது 5ஜி தானியங்கி என்று மாற்றுங்கள்.

கேள்வி (விவசாயி, தஞ்சாவூர்): சிம் பழைய கைபேசியில் நன்றாக வேலை செய்கிறது. புதியதில் அரை மணிக்கு ஒரு முறை சிம் இல்லை என்று காட்டி டேட்டா நின்றுவிடுகிறது. நீங்கள் சொன்ன சோதனைப்படி கைபேசிதானே கெட்டது?

பதில்: என் சோதனைக்கு விலக்கான இடம் இது, கேட்டதற்கு நன்றி, ஐயா. உங்கள் சிம் எத்தனை ஆண்டு பழையது? கத்தரிக்கோலால் வெட்டிச் சிறிதாக்கியதா? முன்பு இருந்த மைக்ரோ சிம்மின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், இப்போதைய கைபேசிகளில் போடும் நானோ சிம்மின் தடிமன் 0.67 மில்லிமீட்டர். வெட்டினால் அகலம் குறையுமே தவிரத் தடிமன் குறையாது. சென்ற மாதம் ஒருவர் கொண்டுவந்த சிம்மை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். ஓரம் பிசிறடித்து, பொன்னிறத் தகட்டின் ஒரு கட்டத்தில் பாதி காணாமல் போயிருந்தது. அவருடைய பழைய கைபேசியின் கம்பிகள் அந்த மிச்சப் பாதியைத் தொட்டுக்கொண்டிருந்தன. புதியதின் கம்பிகள் வேறு இடத்தில் தொட்டன. உங்களுடையதும் வெட்டிய சிம் என்றால் புதிய சிம் வாங்குங்கள். அட்டைத் துண்டு வைத்து அழுத்திப் பார்க்க வேண்டாம், தட்டில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி (தூத்துக்குடி): அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஐஃபோன் அனுப்பியிருக்கிறார். சிம் போடும் இடமே இல்லை.

பதில்: அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன்களில் 2022இல் வந்த 14ஆம் வரிசை முதல் சிம் தட்டு கிடையாது. இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்மாக, மாற்ற வேண்டும். அதற்கு முன், வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி அந்தக் கைபேசி அங்குள்ள நிறுவனத்துடன் பூட்டப்பட்டதா என்று அண்ணனிடம் கேளுங்கள். பூட்டியிருந்தால் அந்த நிறுவனம்தான் திறந்துவிட முடியும், எந்தக் கடைக்காரர் பேச்சையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வேறு எந்தக் கைபேசி வாங்கினாலும், வாங்குவதற்கு முன்பே அதன் அலைவரிசைப் பட்டியலைப் பாருங்கள். ஜியோவின் 4ஜிக்கு 3, 5, 40 ஆகிய அலைவரிசைப் பட்டைகள் (band) வேண்டும். இவற்றில் 5ஆம் பட்டை இல்லையென்றால் தெருவில் டேட்டா வந்தாலும் வீட்டுக்குள் வராமல் போகலாம்.

கேள்வி (நாகர்கோவில்): பி.எஸ்.என்.எல். சிம், புதிய 5ஜி கைபேசி. பக்கத்து வீட்டில் 4ஜி வருகிறது, எனக்கு வரவில்லை.

பதில்: உங்கள் சிம் 3ஜி காலத்தது என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஆதாரைக் காட்டி 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த பி.எஸ்.என்.எல். 4ஜி 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது; அது 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது 28ஆம் பட்டையிலும் இயங்குகிறது. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த ஏற்பாடு அது. வங்கி வேலை இருக்கும் நாளில் சிம் மாற்றாதீர்கள்.

கேள்வி (சேலம்): 5ஜி கைபேசி வாங்கினேன். 5ஜி சிம் தனியாக வாங்க வேண்டும் என்று கடையில் 300 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். ஜியோவும் ஏர்டெல்லும் தங்கள் 4ஜி சிம்மிலேயே 5ஜி தருகின்றன.

மறுப்பு (கடைக்காரர், ஈரோடு): நீங்கள் சொல்வது ஏட்டில் சரி. என் கடையில் சிம்மை மாற்றியவுடன் 5ஜி வந்தவர்கள் பலர். கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது?

பதில்: நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை, அதன் காரணத்தை வேறாகப் பார்க்கிறேன். புதிய சிம்மைப் போடும்போது கைபேசி அணைந்து, நெட்வொர்க்கில் புதிதாகப் பதிந்துகொள்கிறது. பழைய சிம்மையே எடுத்துத் துடைத்துப் போட்டிருந்தாலும் பலருக்கு அது நடந்திருக்கும். 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது ஏர்டெல் தன் 4ஜியின் மேல் அதைக் கட்டியது; ஜியோ 4ஜியைச் சாராத தனி 5ஜியாக அமைத்தது. அதனால் ஒரே கைபேசி ஒரு சிம்மில் 5ஜி காட்டி மறு சிம்மில் காட்டாமல் இருக்கும். மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகும் கோளாறு அது. மிகப் பழைய சிம் என்றால் மாற்றத்தான் வேண்டும். அந்த அளவில் உங்கள் பேச்சை ஏற்கிறேன்.

மறுப்பு (அதே கடைக்காரர்): வரும் வாடிக்கையாளருக்குப் பொறுமை இல்லை. புதுப்பிக்க ஒரு மணி நேரம் ஆகும், சிம் மாற்ற ஐந்து நிமிடம்.

இடையில் ஒருவர் (நாமக்கல்): அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் விலை கொடுத்தேன். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாளன்று சிம்மை மாற்றிக் கொடுத்தார்கள். ஓ.டி.பி. மறுநாள்தான் வந்தது. தாமதக் கட்டணத்தோடு செலுத்தினேன்.

பதில்: ஈரோட்டு நண்பரே, இதற்காகத்தான் இவ்வளவு வாதாடுகிறேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த 24 மணி நேரத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் முதலில் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): சிக்னல் இருக்கிறது, நெட் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: திருச்சி ஆசிரியைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): புதிய போனில் நெட் வரவில்லை, உதவுங்கள்.

பதில்: மேலே இருக்கிறது. பழைய கைபேசியில் சிம்மைப் போட்டுப் பார்க்காமல் கேட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி (புதுச்சேரி): பேட்டரி சீக்கிரம் தீர்கிறது.

பதில்: இது டேட்டா பற்றிய பகுதி.

கேள்வி (காஞ்சிபுரம்): என் டேட்டாவைச் சரிசெய்ய இ-சிம்முக்கு மாற்றுவதாக ஒருவர் அழைத்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கேட்கிறார்.

பதில்: சொல்லாதீர்கள்! உங்கள் எண்ணை அவருடைய கைபேசிக்கு மாற்றிக்கொள்ளத்தான் அந்த எண்ணைக் கேட்கிறார்; மாறிவிட்டால் உங்கள் வங்கிச் செய்திகள் எல்லாம் அவருக்குப் போகும். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் வேறொரு கைபேசியிலிருந்து உங்கள் சிம் நிறுவனத்தையும் வங்கியையும் அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.

திருச்சி ஆசிரியை: சோதித்தேன். பழைய கைபேசியில் டேட்டா வருகிறது. ஏ.பி.என். சரியாக இருக்கிறது, வரம்பு எதுவும் இல்லை. என்னிடம் இரண்டு சிம்கள் உள்ளன. இரண்டாவது வங்கிக்காக மட்டும் வைத்திருப்பது.

பதில்: இரண்டாவதற்கு எந்த ரீசார்ஜ், அம்மா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் போட்ட விதிக்குப் பிறகு, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் டேட்டா கிடையாது. தட்டில் சிம்கள் இடம் மாறியிருந்தால் கைபேசி அந்த சிம்மில் டேட்டாவைத் தேடிக்கொண்டிருக்கும்.

திருச்சி ஆசிரியை: அதேதான். டேட்டாவுக்கு இரண்டாவது சிம் தேர்வாகியிருந்தது. மாற்றினேன், வந்துவிட்டது. பழைய கைபேசியை நாளை தம்பி மகனுக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: வங்கிச் செயலிகள் புதியதில் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் கொடுங்கள்.