இரண்டு குழந்தைகள் இறந்தது உண்மைதான்

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது மாதம் முடியப்போகிறது. வரும் புதன்கிழமை தட்டம்மை, ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவரச் சொல்லி செவிலியர் போன் செய்தார். அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு குரல்பதிவு: இந்த ஊசியால் ஆட்டிசம் வருமாம், ஏதோ தீவில் போட்டதுமே இரண்டு குழந்தைகள் இறந்துபோனதாம். மாமியார் இரண்டு வயது ஆகட்டும் என்கிறார். தனியார் டாக்டர் எம்எம்ஆர் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
எஸ்., திருவாரூர்

அன்புள்ள எஸ்.,

யார் சொன்னது என்பது இருக்கட்டும். சொன்னதைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். அந்தக் குரல்பதிவில் ஒரு பொய்யும் ஒரு பாதி உண்மையும் இருக்கின்றன.

பொய், ஆட்டிசம். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து வந்த கட்டுரைதான் இதற்கு ஊற்று. கட்டுரையில் சொன்னபடி ஆய்வு நடக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்ததும் 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை வைத்து 2019இல் வந்த ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா முகாம் தொடங்கியபோதும் வாட்ஸப்பில் வதந்தி பறந்தது.

தீவு, பசிபிக் கடலில் இருக்கும் சமோவா. 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் இறந்தது உண்மை. இந்த மருந்து தூளாக வரும். கூடவே வரும் நீரில் கரைத்துப் போட வேண்டும். அங்கே நீருக்குப் பதிலாக, மயக்க மருந்தோடு கொடுக்கும் தசைத் தளர்வு மருந்தைக் கலந்துவிட்டார்கள். ஊசித் திட்டம் பல மாதம் நின்றது, பயமும் சேர்ந்துகொண்டது. 2019இல் தட்டம்மை வந்து 83 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே. குரல்பதிவில் இந்தப் பிற்பாதி இருக்காது.

ஆனால் முற்பாதியும் உங்களுக்கு உதவும். புதன்கிழமை எதைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பில்லை. திறக்காத குப்பியில் சின்ன வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு படாமல் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் கறுத்திருந்தாலோ போடக்கூடாது. ஏற்கெனவே கலக்கிய குப்பி என்றால், கலக்கிய நேரம் மேலே எழுதியிருக்க வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டியதுதான். கரைக்கும் நீர் அதே கம்பெனியுடையதா என்றும் கேளுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

மாமியாரின் யோசனை கேட்க நிதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாதத்துக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அதற்கு முன்னால் போட்டால் அந்தச் சக்தியே மருந்தை முறித்துவிடும், அதனால்தான் அதுவரை காத்திருந்தார்கள். இனியும் தள்ளினால், தட்டம்மை கண்டால் நிமோனியாவில் போய் முடியக்கூடிய வயதில் குழந்தை வெறுங்கையோடு நிற்கும். சளி, லேசான இருமல் இருந்தாலும் போடலாம். கடும் காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஓடுகிறது, முந்தைய ஊசிக்கு மூச்சுத் திணறியது என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எம்எம்ஆரில் தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்குவீங்கிக்கும் பாதுகாப்பு உண்டு. அரசு ஊசியில் அது இல்லை. தட்டம்மைக்கு இரண்டும் ஒன்றுதான். எதைப் போட்டாலும் இரண்டாம் தவணையை விட்டுவிடாதீர்கள். அரசு அட்டவணையில் அது 16 முதல் 24 மாதத்துக்குள்.

இன்னொன்று. முன்பு போட்ட ஐந்து நோய் ஊசிக்கு (பென்டாவேலன்ட்) அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்திருக்கும். இதற்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும், லேசாகச் சிவப்புத் தடிப்பும் தெரியலாம். பாராசிட்டமால் எடைக்கு ஏற்றபடி: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மி.கி. தப்பு நடப்பது பாட்டிலில்தான். சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 125 அல்லது 250. சிரப் என்று நினைத்து சொட்டு மருந்தை ஒரு தேக்கரண்டி ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.