இரண்டே ஸ்பீக்கர் உள்ள ஹெட்ஃபோனில் பின்னாலிருந்து சத்தம் கேட்பது எப்படி?

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கினால் வீட்டிலேயே தியேட்டர் போல சரவுண்ட் ஒலி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஹெட்ஃபோன் இல்லை, மென்பொருள்.

நமக்கு இருப்பதே இரண்டு காதுகள்தான். வலப்பக்கச் சத்தம் இடது காதுக்கு அதிகபட்சம் சுமார் 0.7 மில்லிசெகண்ட் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வந்து சேரும். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் மாற்றத்தை வைத்து மூளை கண்டுபிடிக்கிறது. 5.1, 7.1 ஒலியின் (ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கரோடு, ஆழ்ந்த ஒலிக்கென ஒன்று) ஒவ்வொரு சானலிலும், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரிய ஒலியிலும், இதே தாமதத்தையும் மாற்றத்தையும் கணக்கிட்டுச் சேர்ப்பதுதான் விர்ச்சுவல் சரவுண்ட்.

அந்தக் கணக்கு பொதுவாக ஒரு சராசரித் தலைக்கும் காதுக்கும் போட்டது. உங்கள் காதுமடல் வேறு மாதிரி இருந்தால், முன்னால் வரவேண்டிய வசனம் தலைக்குள்ளேயே கேட்கும், அல்லது பின்னால் போய்விடும். தலை திரும்புவதைக் கவனிக்கும் ஹெட் டிராக்கிங் இருந்தால் இந்தத் தொல்லை நன்றாகவே குறையும். என்னைக் கேட்டால் காசை முதலில் அதற்குத்தான் போடுவேன்.

அப்புறம், ஓபன்-பேக் (வெளிப்புறம் மூடாமல் திறந்திருக்கும்) ஹெட்ஃபோன் விசாலமாகக் கேட்கும் (பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்!). விளையாட்டில் ஒன்று, கணினியில் ஒன்று என இரண்டு சரவுண்டைச் சேர்த்துப் போடாதீர்கள், ஒலி குழம்பிவிடும். ஸ்டீரியோ பாட்டுக்கு சரவுண்டை அணைத்துவிடுவதே மேல்.