முதல் வார்த்தையை யார் பேசுவது?

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. லிஃப்ட்டில் தினமும் பார்க்கிற முகங்கள்தான், ஆனால் ஒருவரோடும் பேச்சில்லை. நானாகப் பேசினால் தொந்தரவாக நினைப்பார்களோ?

பதில்: பக்கத்தில் நிற்பவரும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார். சிகாகோவில் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் ரயில் பயணிகள் சிலரை அறிமுகமில்லாதவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, பேசிக்கொண்டு போனவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. 'எது சுகம்?' என்று மட்டும் கேட்கப்பட்டவர்களோ, பேசாமல் போவதுதான் என்று சொல்லியிருந்தார்கள். நம் தயக்கமும் இதே தப்புக் கணக்குதான்.

முதல் வாரம் ஒரு புன்னகை, ஒரு வணக்கம் போதும். அடுத்து, இருவர் கண்ணிலும் படுகிற ஒன்றைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: "வாசல்ல செடி பூத்திருக்கே, நீங்க வச்சதா?" கதவு திறந்ததும் "சரிங்க, வர்றேன்" என்று நீங்களே முடித்துவிடுங்கள். இது முக்கியம். பிடித்துக்கொண்டால் விடமாட்டார் என்ற எண்ணம் வந்துவிட்டால், மறுநாள் அவர் படியேறியே போய்விடுவார்.

மூன்றாவது, நான்காவது சந்திப்பில் உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேளுங்கள். வீட்டுக்குள் போனதும் போனில் குறித்துவையுங்கள். மறந்துபோனால் அடுத்த முறையே கேட்டுவிடுங்கள், ஒரு வருடம் கழித்துக் கேட்க வாய் வராது. இதற்கெல்லாம் மேலாக, அவர் போன தடவை சொன்னதை நினைவில் வைத்து விசாரியுங்கள்: "அம்மாவுக்குக் கால்வலின்னீங்களே, இப்ப தேவலையா?" அறிமுகம் பழக்கமாக மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான்.

காதில் இயர்போன், ஒற்றைச் சொல்லில் பதில் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அது உங்கள் மேலுள்ள வெறுப்பு அல்ல.

கேள்வி: பேசிவிட்டு வந்தபின், உளறிவிட்டோமோ என்று மனம் அரிக்கிறது.

பதில்: எரிகா பூத்பி குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. முதன்முறை பேசிக்கொண்டவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். உங்கள் சொதப்பல் அவர் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்புக் குறைவு.

கேள்வி: அலுவலகத் தோழியும் நானும் "ஒருநாள் வெளியே சந்திப்போம்" என்று சொல்லியே மாதங்கள் ஓடிவிட்டன.

பதில்: 'ஒருநாள்' என்ற நாள் காலண்டரில் கிடையாது. நாள், நேரம், இடம், எவ்வளவு நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "சனிக்கிழமை காலைல ஏழு மணிக்குப் பூங்காவுல நடக்கப் போறேன், அரை மணி நேரம்தான். நீயும் வர்றியா?" முடியாது என்றாலும் வேறு நாள் சொன்னால், அவருக்கு ஆசை இருக்கிறது. இரண்டு முறை வேறு நாள் சொல்லாமலே மறுத்தால், அடுத்த அழைப்பை அவரிடம் விட்டுவிடுங்கள்.

வந்துவிட்டால் அதே கிழமை, அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டார். வேலை நிமித்தம் சேர்ந்திருக்கிற நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை. வாரம் ஒரு மணி நேரம் என்றால் 50 மணி நேரத்துக்கே ஏறக்குறைய ஒரு வருடம். மூன்றாவது வாரத்திலேயே 'ஒட்டவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள்.